ஐந்தாம் தொட்டிச் செம்பு

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எழுபது. ஒயின் தொழிற்சாலை முதலாளி அந்தத் தொகையைக் கால்குலேட்டரில் தட்டி, வாயால் சொன்னால் ஆள் நம்பமாட்டான் என்பதுபோல, அதை அப்படியே மேசைமேல் திருப்பி வைத்துக் காட்டினார். தொட்டிக் குழாய்களைக் கவனிக்கிற குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். எழுத்து அவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. எண் முன்பே தெரியும். இருந்தாலும் வலது ஓரத்திலிருந்து ஒன்று, பத்து, நூறு என்று விரல் வைத்து ஏறி வந்தார். ஏறி முடித்ததும் மூச்சு வாங்கியது.

"லாரி போக வர வாடகை, மறுபடி வடிகட்டற செலவு, வாங்கினவன் புடிச்சுக்கிட்ட அபராதம். எல்லாம் சேத்துதான்."

"அந்தக் கடைசி எழுபது எதுக்குங்க?"

"லாரிக்காரன் டீயும் பன்னும் சாப்பிட்டான். நான்தான் குடுத்தேன்."

மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம். அவரும் இரண்டு நாளாகத் தூங்காதவர்போல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஐந்தாம் தொட்டியின் வெள்ளை ஒயினில் பாதியை ஒருவர் வாங்கிப்போய்ப் பாட்டிலில் அடைத்தார். போகும்போது கண்ணாடி மாதிரி இருந்த சரக்கு, பாட்டிலுக்குள் சில வாரம் இருந்ததும் பழுப்பாகக் கலங்கிவிட்டது. அவர் பரிசோதனைக்கு அனுப்பினார். செம்பு அதிகம் என்று தாள் வந்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம், இதில் ஏறக்குறைய இரண்டு. மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று குழாய்க்காரர் கேட்டதற்கு, மேசையில் சிந்திக் கிடந்த உப்பில் ஒரு துகளை நகத்தால் ஒதுக்கி, "இதுல பத்துப் பதினஞ்சுன்னு வெச்சுக்க" என்றார் முதலாளி. அந்தத் துகளும் கண்ணில் படவில்லை. படாத ஒன்றுக்கு நாற்பத்தோராயிரம். பாட்டிலில் அடைக்காமல் மிச்சமிருந்த சரக்கும் திரும்பி வந்து, மறுபடி அதே தொட்டியில் ஏற்றப்பட்டது.

செம்பு எங்கிருந்து வந்தது என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. கண்ணுக்கு முதலில் பட்டது பித்தளைக் குழாய். அறுவடை நெரிசலில் ஐந்தாம் தொட்டியின் எஃகுக் குழாய் திருகு போய் ஒழுக ஆரம்பித்தபோது, பழைய சாமான் அறையில் கிடந்த பித்தளைக் குழாயைத் தேய்த்துக் கழுவி மாட்டியவர் குழாய்க்காரர்தான். அன்றைக்கு எல்லாரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு என்பது இப்போது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இரண்டாவதாகப் பேச்சு போய் நின்ற இடம் திராட்சைத் தோட்டம். மழைக்காலத்தில் கொடியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். மயில்துத்தம் செம்பில் செய்கிற நீல உப்பு. இந்த வருஷம் மழை விடவில்லை என்று அறுவடைக்குக் கிட்டத்தில்கூட ஒருமுறை அடித்தார்கள். அடித்தவர் குழாய்க்காரரின் சொந்தத் தங்கை புருஷன்.

"உங்க மாப்பிள்ள அடிச்ச மருந்துதான் இது," என்றாள் வீட்டில் மனைவி, சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி. "ஊருக்கே தெரியுது. உங்களுக்கு மட்டும் தெரியல."

"தெரியாதது எனக்கில்லடி. யாருக்குமே தெரியல."

"அப்ப பணம் மட்டும் எப்படி உங்க தலையில வந்து உக்காருது? அதுக்கு வழி தெரிஞ்சிருக்கே!"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். குழாய் என்றால் நான் கட்ட வேண்டும். மருந்து என்றால் மாப்பிள்ளை கட்ட வேண்டும், அதாவது தங்கை கட்ட வேண்டும். அவள் அந்தத் தொழிற்சாலையிலேயே தொட்டி கழுவுகிறாள், அந்தக் கூலியில்தான் வீட்டு வாடகை போகிறது. குழாயாக இருக்கக் கூடாது என்று மனசு வேண்டிக்கொள்ளும், உடனே அப்படியானால் மருந்தாக இருக்க வேண்டுமே என்று திடுக்கிடும். எதை வேண்டிக்கொள்வது என்றே விளங்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையே வந்து நின்றார். ஸ்கூட்டரை அணைக்காமல், "மச்சான், அந்தப் பரிசோதனைக் கூடத்துல போயி நம்மளே கேட்டா என்ன?" என்றார். நகக்கண்ணில் நீலம் ஏறிய கை. எந்தச் சோப்புக்கும் போகாது.

"கேட்டு?"

"யாருதுன்னு தெரிஞ்சுடுமில்ல."

"தெரிஞ்சா நல்லதாங்கறீங்க?"

மாப்பிள்ளை ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். மடியில் ஐந்தாம் தொட்டி ஒயின் நிரப்பிய பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்கக் குழாய்க்காரர் துணி சுற்றிப் பிடித்திருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் மாப்பிள்ளை, "புடிச்சுக்குங்க மச்சான்" என்று குரல் கொடுத்தார். இந்த மனிதர்மேல் பழி விழுந்தால் நான் தப்பிப்பேன் என்ற நினைப்பு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தபோது வந்தது. உடனே வெட்கமாகிவிட்டது. முன்னால் இருப்பவரும் இதையேதான் நினைப்பார் என்று தோன்றியதும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மா ஒருவர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும், முதல் கேள்வியாக, "எதுல பிடிச்சீங்க?" என்றார்.

"தொட்டியிலங்க."

"அதில்ல. பாட்டிலுக்கு ஊத்தறதுக்கு முன்னாடி எதுல பிடிச்சீங்க?"

"வாளியிலங்க. நல்லா தேச்சுக் கழுவின வாளி. பளபளன்னு இருக்கும்."

"என்ன வாளி? தகர வாளியா?"

"துத்தநாகம் பூசின வாளிங்க."

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்காமலிருக்கப் பார்த்தார், முடியவில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் உருக்கிச் சேர்த்தது. குழாய் கரைந்திருந்தால் இரண்டுமே ஒயினில் காட்டும். செம்பு மட்டும் காட்டினால் குழாய்மேல் தப்பில்லை. இவர் துத்தநாக வாளியில் பிடித்துக் கொண்டுவந்தால் குழாய்தான் என்று மிஷின் எழுதிக் கொடுத்துவிடும். "நீங்களே உங்களப் புடிச்சுக் குடுக்கப் பாத்தீங்க," என்று சொல்லி, புதுக் கண்ணாடிப் பாட்டில்கள் கொடுத்தார். குழாயில் இரவு முழுக்க நின்றதில் ஒன்று, தொட்டியின் நடுவில் கயிறு கட்டி இறக்கி ஒன்று, அதே தோட்டத்துத் திராட்சைக் காயில் போட்ட நாலாம் தொட்டியில் ஒன்று. வாளி கூடாது, கரண்டி கூடாது, தேய்ப்பும் கூடாது.

"கழுவாம கொண்டாரச் சொல்ற முதல் ஆபீசு இதுதான் மச்சான்," என்றார் மாப்பிள்ளை வெளியே வந்து.

அடுத்த முறை போனபோது மிஷினைக் காட்டினார்கள். பெரிதாக ஏதோ எதிர்பார்த்திருந்தார் குழாய்க்காரர். மெல்லிய குழல் ஒன்று ஒயினை உறிஞ்சியது, ஒரு மிடறுகூட இராது. நீலச் சுடர் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் எரிந்தது. அவ்வளவுதான். அந்தச் சுடருக்குள் போன ஒயின் என்னவாயிற்று என்று தெரியவில்லை. திரையில் எண்கள் மட்டும் வந்தன. மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் நிற்பதைப்போல.

"குழாய்ல நின்னதுல செம்பும் இருக்கு, துத்தநாகமும் இருக்கு," என்றார் அந்த அம்மா. குழாய்க்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா அது முதல்ல வர்ற ஒரு டம்ளர்தான். தொட்டி நடுவுல செம்பு மட்டும்தான் ஏறியிருக்கு, துத்தநாகம் சாதாரணமா இருக்கு. அவ்வளவு பெரிய தொட்டிய உங்க குழாய் கெடுக்கல."

குழாய்க்காரர் மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்துமில்ல," என்றார் அந்த அம்மா. "நாலாம் தொட்டியும் அதே தோட்டம், அதே மருந்துதானே? அதுல செம்பு ரொம்பக் கம்மி. காய்ல ஒட்டியிருக்கற செம்பு, ஒயின் பொங்கும்போது ஈஸ்ட்டோட சேந்து பெரும்பாலும் அடியில உக்காந்துடும். அஞ்சுக்கு மட்டும் பின்னாடி எங்கிருந்தோ வந்திருக்கு."

"எங்கிருந்துங்க?"

"எவ்வளவுன்னுதான் மிஷின் சொல்லும். எங்கருந்துன்னு நீங்கதான் பாக்கணும்."

திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் டீக்கடையில் நின்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். மாப்பிள்ளை இரண்டு முறை "அப்ப நம்ம ரெண்டு பேருமே இல்ல" என்றார். இரண்டாம் முறை சொன்னபோது அது கேள்வியாகிவிட்டது. நம் இருவரும் இல்லையென்றால் அந்தச் செம்பு தானாக நடந்தா வந்தது? பழி தன்மேல் இருந்தபோது கனமாக இருந்தாலும் அதற்கொரு முகம் இருந்தது, தன் முகம். இப்போது அது முகமில்லாமல் தொழிற்சாலைக்குள் எங்கேயோ உலாவியது.

இரண்டு நாள் கழித்து மூன்றாம் தொட்டி காலியானது. அதைக் கழுவத் தங்கை உள்ளே இறங்கினாள். தொட்டியின் அடியில் ஆள் நுழைகிற வட்டக் கதவு ஒன்று உண்டு, ஒல்லியான ஆள்தான் புகலாம். உள்ளே கெட்ட காற்று தங்கியிருக்கும். காற்றாடி வைத்து வெளியேற்றினாலும் முழுசாக நம்ப முடியாது. அதனால் அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள்: உள்ளே ஆள் இருக்கிறவரை வெளியே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எதைப் பேசினாலும் சரி. பேச்சு நின்றால் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்கள். அண்ணனும் தங்கையும் வருஷக்கணக்காக இந்த வட்டக் கதவு வழியாகப் பேசியதுதான் அதிகம். வீட்டு விசேஷத்தில் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. அவள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதுகூட இரண்டாம் தொட்டிக்குள்ளிருந்துதான்.

"உம் புருஷன் ஸ்கூட்டர் இருக்கே, அதுல உக்காந்தா பல்லெல்லாம் ஆடுது," என்றார் குழாய்க்காரர்.

"பல்லு ஆடறது வயசாச்சுன்னு அண்ணே. ஸ்கூட்டரச் சொல்லாத," என்றது தொட்டி. குரல் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது, பத்துத் தங்கைகள் இருப்பதுபோல.

"குழாய் இல்லையாம். மருந்தும் இல்லையாம். வீட்டுல சொன்னாரா?"

"சொன்னாரு. தூக்கத்துலயும் சொன்னாரு."

"காய்ல வந்தது இல்லையாம். ஒயினாகி, தொட்டியில ஏத்தின பின்னாடி அஞ்சுக்குள்ள எதுவோ விழுந்திருக்குது. செம்பாவே விழுந்திருக்குது."

பதில் வரவில்லை. தேய்க்கிற சத்தமும் நின்றது.

"ஏய். பேசு."

அவர் தொட்டியைக் கையால் அறைந்தார். "பேசு புள்ள! பேசு!" குனிந்து கதவுக்குள் கையை நீட்டி, கிடைத்த ரப்பர் காலணியைப் பற்றி இழுத்தார்.

"விடுண்ணே! உசுரோடதான் இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தினாலும் தொட்டி அதைப் பெரிதாக்கியே கொடுத்தது: "அண்ணே, அந்தச் செப்புச் சுருளு."

ஆபீஸ் அறையில், கடிகாரத்துக்குப் பக்கத்து ஆணியில் கையளவு செப்புக் கம்பிச் சுருள் ஒன்று வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயினில் அழுகின முட்டை வாடை வந்தால் அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் ஒரு நாள் தொங்கவிடுவார்கள். வாடையைச் செம்பு இழுத்துக்கொள்ளும். மறுநாள் எடுத்துவிட வேண்டும். இந்த வருஷம் அது ஆணியில் இல்லாததைக் குழாய்க்காரர் கவனித்திருந்தார். பழைய இரும்புக்காரனிடம் யாரோ விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"முதலாளிதான் போட்டு வைன்னாரு. போற போக்குல சொன்னாரு. அஞ்சுல போட்டேன். மறுநா எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. நாலு நா கெடந்தேன். எந்திரிச்சு வந்து எடுத்த மாதிரியும் இருக்கு, எடுக்காத மாதிரியும் இருக்கு. எடுத்து எங்கயோ வெச்ச மாதிரிகூட ஞாபகம். அது போன வருஷத்து ஞாபகமான்னும் தெரியல அண்ணே."

"கயிறு?"

"தெரியல."

அன்றைக்கே அவர் ஏணி வைத்து ஐந்தாம் தொட்டியின் மேல் மூடியைத் திறந்து பார்த்தார். கயிறு எதுவும் இல்லை. டார்ச் அடித்தார். வெளிச்சம் மேல்மட்டத்திலேயே பளபளத்துத் திரும்பிவந்து கண்ணில் குத்தியது. கயிறு இல்லையென்றால் அவள் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அல்லது அவிழ்ந்து உள்ளே விழுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே அடையாளம் எப்படி இருக்கலாம் என்று ஏணிமேல் நின்றபடியே யோசித்தார். கீழே நின்றவர்கள் அவருக்குத் தலைசுற்றல் என்று நினைத்துக் கூப்பிட்டார்கள்.

சம்பளத்தில் இரண்டாவது பிடித்தம் விழப்போகிற திங்கட்கிழமை அவர் ஆபீஸ் அறைக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்.

"குழாய்தாங்க," என்றார். "அந்த மிஷினு சொன்னதெல்லாம் சரியில்ல. நான் மாட்டின பித்தளைதான். நானே கட்டிடறேன்."

முதலாளி நிமிர்ந்தார். "போன வாரம் நீதானய்யா தாளக் காட்டி, குழாய் இல்லன்னு குதிச்சே?"

"குதிச்சேங்க. யோசிச்சுப் பாத்தேங்க."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் கதவைத் தட்டாமலே மாப்பிள்ளை உள்ளே வந்தார். மச்சான் நிற்பதைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். ஆனால் மனப்பாடம் செய்து வந்தவர், நிறுத்தினால் மறந்துபோகும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரே மூச்சில் ஒப்பித்தார்: "மருந்துதாங்க முதலாளி. அளவு தெரியாம அள்ளிப் போட்டுட்டேன். எங்கூலியில புடிச்சுக்குங்க."

முதலாளி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார்.

"ஏய்யா, ரெண்டு மாசமா நானில்ல நானில்லன்னு ரெண்டு பேரும் உயிர வாங்குனீங்க. இப்ப சொத்துக்குச் சண்ட போடற பங்காளி மாதிரி எனக்கு எனக்குன்னு வந்து நிக்கிறீங்க. என்னதான் கலந்து குடிச்சீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை குழாய்க்காரரைப் பார்த்தார். தங்கைக்காகத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. சுருள் கதையைப் புருஷனிடமும் சொல்லியிருக்கிறாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இருந்தது, பக்கத்தில் வெறும் ஆணி இருந்தது. கடிகாரத்தைத்தான் பார்த்தாரா, ஆணியைப் பார்த்தாரா என்று குழாய்க்காரருக்குப் பிடிபடவில்லை. மணி பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் தூங்காத மனிதருக்கு ஆகலாம். சுருளைப் போடச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்ததா, முன்பே ஞாபகம் இருந்துதான் கால்குலேட்டரைத் தட்டினாரா, இல்லை இந்த நிமிஷம்வரை மறந்தேதான் போயிருந்தாரா. முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் இவரால் எழுத்துக்கூட்டித்தான் படித்திருக்க முடியும்.

"அஞ்ச எடுத்து ரெண்டுலயும் ஆறுலயும் பிரிச்சு ஊத்தியாச்சு," என்றார் முதலாளி கடைசியில். "பெரிய தொட்டியில போயிக் கலந்ததும் செம்பு அளவுக்குள்ள வந்துடுச்சு. வேற ஆளு மொத்தமா எடுத்துக்கறான். அபராதத்த அதுல சரிக்கட்டிக்கலாம். உங் கணக்கக் கழிச்சாச்சு. போங்க."

"போன மாசம் புடிச்சதுங்க?"

"அடுத்த சம்பளத்துல வந்துடும். போங்கன்னா போங்க." அவர்கள் கதவருகே போனதும் கூப்பிட்டார். "அந்த எழுபத மட்டும் வெச்சுட்டுப் போங்க. அது என் பையிலேர்ந்து குடுத்தது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப்பையில் கை விட்டார்கள். ஆளுக்கு முப்பத்தைந்து. மாப்பிள்ளையிடம் சில்லறை இல்லை, நாற்பது வைத்தார். குழாய்க்காரர் முப்பது வைத்தார். முதலாளி எண்ணாமலே இழுப்பறைக்குள் தள்ளினார்.

"அஞ்சு ரூவா நான் தரணும் மாப்ள," என்றார் குழாய்க்காரர் வராந்தாவில்.

"விடுங்க மச்சான். இன்னொரு கணக்கு ஆரம்பிக்காதீங்க."

மதியம் ஐந்தாம் தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. காற்றாடி ஓடி முடிந்ததும் தங்கை வட்டக் கதவில் தலையை நுழைத்தாள், தோளை ஒருக்களித்தாள், உள்ளே போனாள். கடைசியாக ரப்பர் காலணிகள் மறைந்தன. வெளியே வழக்கமாக ஒருவர்தான் நிற்பார். இன்றைக்குத் தோட்டத்துக்குப் போகாமல் மாப்பிள்ளையும் நின்றார்.

"கழிச்சாச்சாம்," என்று குழாய்க்காரர் கதவுக்குள் சொன்னார்.

"எதுக்காம்?"

"தெரியல."

"தெரிஞ்சிடுச்சா அவருக்கு?"

"அதுவும் தெரியல. நீ பேசிட்டே இரு."

"என்னத்தப் பேச? அவரு அங்க என்ன பண்றாரு?"

"ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இல்லியாம்," என்றார் மாப்பிள்ளை தனக்குத்தானே சாட்சி சொல்வதுபோல.

உள்ளே அவள் சுரண்ட ஆரம்பித்தாள். ஒயின் நாள்பட நின்றால் தொட்டிச் சுவரில் கல்லுப்புப்போலச் சில்லு சில்லாகப் படியும். அது உடைந்து பிளாஸ்டிக் வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. கிணுங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிணுங். ஒவ்வொன்றுக்கும் வெளியே இரண்டு பேரின் கண்களும் ஒன்றையொன்று தேடின, பிறகு விலகின. எது உப்பு, எது உலோகம் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று குழாய்க்காரர் நினைத்திருந்தார். சொல்ல முடியவில்லை.

"அண்ணே, வாளி."

வட்டக் கதவில் அவள் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. வாளி நிறைய வெளுத்த மண்டி, குழைந்த களிமண்போல, மேலே உப்புச் சில்லுகள் வெயிலில் மின்னின. குழாய்க்காரர் ஒரு பக்கம் பிடித்தார், மாப்பிள்ளை மறு பக்கம் பிடித்தார். வாளி எப்போதையும்விடக் கனமாக இருந்ததா, இரண்டு பேராக ஒரு வாளியைத் தூக்கிப் பழக்கமில்லாததால் அப்படித் தோன்றியதா. உள்ளே கை விட்டுச் சுருள் கிடக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும்.

"பேச்சயே காணோம்?" என்றது தொட்டி. "ரெண்டு பேரும் இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

"இருக்கோம், இருக்கோம்," என்றார்கள் இருவரும் ஒன்றாக. மாப்பிள்ளையின் நீல நகங்கள் மண்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. வாளியைச் சாய்க்காமல், குலுக்காமல், சத்தம் எழும்பாமல், எண்ணெய் நிறைந்த விளக்கைக் கொண்டுபோகிறவர்களைப்போல அதை உரக்குழிப் பக்கம் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். திரும்பித் திரும்பித் தொட்டியைப் பார்த்து எதையாவது உரக்கப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.